வெள்ளை டேப்புக்கு அந்தப் பக்கம்

பதினைந்து வருடங்களாக என் கால்சட்டைப் பையில் ஒரு இரும்புச் சாவி இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. பூட்டு தொலைந்துபோய்ச் சாவி மட்டும் மிஞ்சியிருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். நான் கடைக்குப் போய், "பூட்டு வேண்டாம், சாவி மட்டும் போதும். சுத்தமான இரும்பா இருக்கணும்" என்று கேட்டு வாங்கியவன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆள் எந்த வீட்டில் கன்னம் வைக்கப் போகிறானோ என்று அன்று அவருக்குத் தூக்கம் கெட்டிருக்கும்.

சாவியின் பல் குத்தி எத்தனை பாக்கெட் கிழிந்ததென்று அதையெல்லாம் தைத்த என் மனைவிக்குத்தான் தெரியும். இதில் கேவலம் என்னவென்றால், நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, ஆணிகளைச் சோதனைக் குழாயில் போட்டு வைப்பது என் வேலை. அந்த இரும்பு மனுஷ மூளைக்கு ஒரு மண்ணும் செய்யாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்திருந்தேன்.

என் மகளுக்கு எட்டு வயதில் முதல்முறையாக வலிப்பு வந்தது. மடவார் வளாகத்தில் கோயிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். தெருமுனையில் கொய்யாப்பழ வண்டி. ஒரு பழம் வாங்கிக் கையில் கொடுத்தேன். வலது கைக் கட்டைவிரல் முதலில் துடித்தது. பழம் கீழே விழுந்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை, தோள். தலை இடது பக்கம் திரும்பி, யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதுபோல மேலே பார்த்தாள். அப்படியே விழுந்தாள்.

நான் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் அது வழக்கமான விளையாட்டு. கல்யாண வீடுகளில் மைக் பிடித்துப் பல குரலில் பேசிச் சிரிக்க வைக்கிற ஆள் நான். மயங்கி விழுகிற மாப்பிள்ளை, மொய் எழுதும்போது மயங்கி விழுகிற சித்தப்பா என்று பிள்ளைக்கும் பலவிதமாக விழச் சொல்லிக்கொடுத்திருந்தேன். "ஏட்டி, பாரு, எம்புட்டு நல்லா விழுதா" என்று மனைவியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். பிள்ளையின் வாயோரம் நுரையைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது. கொய்யாப்பழக்காரர், "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க" என்று கத்திக்கொண்டு தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து அவள் கையில் வைத்து அமுக்கினார். செத்த நேரத்தில் துடிப்பு அடங்கியது. எடைக்கல் வந்ததால் நின்றதா, நிற்கிற நேரத்துக்கு எடைக்கல் வந்து சேர்ந்ததா? இரண்டாவதுதான் சரி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

மதுரை டாக்டரும் அதைத்தான் சொன்னார். "கையில ஒண்ணும் குடுக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு எத்தனை நிமிஷம்னு வாட்ச்சப் பாருங்க. பயப்படாதீங்க." பயப்படாதீங்க என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வாரமே சாவியும் வாங்கினேன்.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், கல்லுப்பட்டி வருவதற்குள் நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு கல்யாணம் என்று பேச்சு வந்தால் இது முன்னால் வந்து நிற்கும். மாத்திரை டப்பாவைப் பார்த்து யாராவது கேட்டால் வைட்டமின். சோழபுரத்தில் இருக்கும் என் சொந்த அக்காவுக்குக்கூட வைட்டமின்தான்.

நாலு வருடத்தில் எட்டுத் தடவை வந்தது. புண்ணியத்துக்கு, தெருவில் வந்த முதல் தடவை தவிர எல்லாமே வீட்டுக்குள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவள் கல்லூரி படிக்கும்போது டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார். "இனி வரவே வராதுல்ல சார்?" என்று கேட்டேன். "வரவே வராதுன்னு நான் எதையுமே சொல்றதில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை ராத்திரி விழித்திருந்தேன் என்று அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

அவள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்தாள். சனி, ஞாயிறில் நடனம் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டோம். போன மாசி மாதம் போன் செய்தாள்.

"அப்பா, எங்க குழு ராஜபாளையத்துல ஆடப்போகுது. அஞ்சு பேரு. அதுல நானும் ஆடறேன்."

"பரதமா?"

"இல்ல. நவீன நடனம்."

"அப்படின்னா?"

"சொன்னாப் புரியாது. வந்து பாருங்க. ஆனா நீங்களும் அம்மாவும் மட்டும் வாங்க. வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க, சரியா?"

சரி என்றேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அத்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்ப்பவர். ஏதோ வெண்டைக்காய் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு அடங்கிய இடைவெளியில், "எம் மக ராசாளயத்துல ஆடப்போறா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அவர்கள் வராமல் இருப்பார்களா?

நிகழ்ச்சி சாயங்காலம் நாலரைக்கு. ராஜபாளையத்தில் புழக்கம் நின்று போன ஒரு பஞ்சுக் கிடங்கு. மேடை, திரை, வாழைமரம், எதுவும் இல்லை. உயரத்தில் கண்ணாடி பதித்த கூரை வழியாக வெயில் சரிந்து இறங்கியது. அந்த வெளிச்சத்தில் எப்போதோ விட்டுப்போன பஞ்சுத் தூசி இன்னும் பறந்துகொண்டிருந்தது. தரை சிமெண்ட். அதன் நடுவில் வெள்ளை டேப் ஒட்டி ஒரு பெரிய சதுரம். அதைச் சுற்றி மூன்று பக்கம் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும். கிடங்கின் சொந்தக்காரம்மா வாசலில் நின்று, "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் எல்லோரையும் வரவேற்றார். கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று எழுபது எண்பது பேர் இருப்பார்கள்.

நான் முதலில் பார்த்தது அந்தத் தரையைத்தான். வழுவழுவென்று, கருங்கல் மாதிரி கிடந்தது. இதில் தலை மோதினால் என்ன ஆகும்? கீழே விரிக்க ஒரு ஜமுக்காளம்கூடவா இல்லை?

மகள் ஓடி வந்தாள். கறுப்புப் பேண்ட், சாம்பல் நிறச் சட்டை, வெறுங்கால். அத்தையையும் மாமாவையும் பார்த்ததும் முகம் மாறியது.

"அப்பா, ரெண்டு பேரு மட்டும்னு சொன்னேன்ல?"

"இல்லம்மா, அத்தான் சும்மாதான இருக்காகன்னு..."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ கண்ணால் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

"சரி, வந்தது வந்துட்டாக. ஒண்ணே ஒண்ணு. ஜோக் அடிக்காதீங்க. ப்ளீஸ்."

"நான் என்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் போய்விட்டாள்.

நெட்டையாக ஒரு தம்பி வந்து, செல்போனை அணைக்கச் சொன்னார். நிகழ்ச்சி முடியும்வரை யாரும் டேப்பைத் தாண்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே சதுரத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார்.

"பாட்டு எங்கலே?" என்றாள் அக்கா.

"இனிமேதான் போடுவாக."

"ஸ்பீக்கர் ரிப்பேரோ என்னமோ."

நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று மூட்டை சரிவதுபோல விழுந்தார். சிமெண்டில் 'தொம்' என்று சத்தம். அவர் எழுந்து மறுபடி நடந்தார். இன்னொரு பெண் வந்து கூட நடந்தாள். அவளும் விழுந்தாள்.

"மாப்ளே, எங்களுக்கு ட்ரெய்னிங்ல இப்படித்தான் விழச் சொல்லுவாய்ங்க" என்றார் அத்தான். "ஆனா கையில துப்பாக்கி இருக்கும்."

சாதாரணமாக அதற்கு நான் ஆறு பதிலாவது வைத்திருப்பேன். ஆனால் அதற்குள் ஐந்தாவது ஆளாக என் மகள் சதுரத்துக்குள் வந்திருந்தாள்.

அவள் விழுந்த முதல் தடவை, நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்துவிட்டாள். மறுபடி விழுந்தாள். ஒன்று, இரண்டு. எழுந்துவிட்டாள். மற்ற நாலு பேர் விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. அவர்களுக்கும் எங்கோ அப்பா அம்மா இருக்கத்தானே செய்வார்கள்? ஆனால் மனசு அவள் ஒருத்தியை மட்டும்தான் எண்ணியது.

பாட்டு வரவே இல்லை. வந்தது மூச்சுச் சத்தம்தான். ஐந்து பேரும் ஒன்றாக மூச்சு வாங்கினார்கள். பாதம் தரையில் உரசுவதும், உள்ளங்கை தரையில் அறைவதும் கேட்டன. தறி ஓடும் தெருவில் கரண்ட் போனதும் அதுவரை கேட்காத சின்னச் சத்தமெல்லாம் காதில் விழுமே, அதுபோல இருந்தது அந்தக் கிடங்கு. அக்காகூட வாயை மூடிவிட்டாள்.

ஒரு கட்டத்தில் விழுகிறவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் விழும்போது இன்னொருவர் தோளைக் கொடுத்தார். அந்த நெட்டைத் தம்பியை என் மகள் தன் முதுகில் தாங்கினாள். அவர் முழு எடையையும். அவள் கால் தசை நடுங்கியதை நான் பார்த்தேன். இவள் ஒரு குடம் தண்ணீர் எடுத்தாலே ஓடிப்போய் வாங்குகிறவன் நான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பிரியட் வேண்டாம், சுற்றுலா வேண்டாம், நீச்சல் கூடவே கூடாது என்று கடிதம் கொடுத்து வளர்த்த பிள்ளை. அவள் ஒரு ஆம்பிளையை முதுகில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாள். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது. ஆனால் நன்றாக இருக்கிறதே என்று நினைத்த அதே நொடியில், உடம்பை இப்படி வருத்தினால் வந்துவிடுமே என்றும் நினைத்தேன். தூக்கம் குறைந்தால் வரலாம், களைப்பு அதிகமானால் வரலாம் என்று டாக்டர் சொன்ன பட்டியல் எனக்கு மனப்பாடம். அவள் ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள். தூங்கினாளோ இல்லையோ. காலையில் என்ன சாப்பிட்டாள் என்றுகூட நான் கேட்கவில்லை.

பிறகு மற்ற நாலு பேரும் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் நடுவில் நின்றாள். கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் அவள் கழுத்துவரை இருந்தது. வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

வலது கைக் கட்டைவிரல் துடித்தது.

வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. அந்தக் கிடங்கில் இரண்டு பேருக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். துடிப்பு நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. மணிக்கட்டுக்கு ஏறியது. முழங்கை. தோள். தலை இடது பக்கம் திரும்பியது. யாரோ மாடியிலிருந்து கூப்பிட்டதுபோல மேலே பார்த்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவிகள், ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருமுனையில் நான் சிரித்துக்கொண்டு நின்றேனே, அந்த மாதிரி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனைவியின் நகம் என் முன்கையில் பதிந்திருந்தது.

"ஏட்டி, வந்துருச்சு" என்றேன்.

"இருங்க."

"வந்துருச்சுட்டி!"

"இருங்கன்னு சொல்றேன்ல."

மகள் விழுந்தாள். கையும் காலும் தரையில் அடித்தன. அதற்குப் பிறகு நான் இருக்கவில்லை.

எப்படி எழுந்தேன், எதை மிதித்தேன், தெரியாது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் துப்பட்டா என் காலில் சிக்கி, டேப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் என்னோடு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். மகள் பக்கத்தில் மண்டியிட்டேன். தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினேன். "நேரம் பாருங்க! யாராவது வாட்ச்சப் பாருங்க!" என்று கத்தினேன். பையிலிருந்து சாவியை எடுத்து அவள் வலது கையில் திணித்து, விரல்களை மடக்கி, என் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் கையில் இரும்பை வைத்து அமுக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பதினைந்து வருடமாக வைட்டமின் என்று மூடி வைத்திருந்ததை, எண்பது பேர் முன்னால், அக்காவும் அத்தானும் பார்த்திருக்க, நானே திறந்து போட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

அவள் கண் என்னைப் பார்த்தது.

வலிப்பில் கண் யாரையும் பார்க்காது. எட்டுத் தடவையும் அந்தக் கண்ணுக்குள் ஆள் இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கண்ணில் ஆள் இருந்தது. நல்ல கோபத்தோடு இருந்தது.

"அப்பா," என்றாள், உதடு அசையாமல். "ஆடிக்கிட்டிருக்கேன்."

அவள் கால் இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை அவள் துடிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எழத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் குழுவிலிருந்த ஒரு பெண் தவழ்ந்து வந்து, என் பக்கத்தில் ஏதோ ஒத்திகையில் இருந்ததுபோல அமைதியாகப் படுத்துக்கொண்டாள். நெட்டைத் தம்பி வந்து என் அக்குளில் கை கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாக என்னைத் தூக்கினார். தோளோடு சாய்த்து, சதுரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடத்தி, மனைவி பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். மூலையிலிருந்து இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். என்னையும் குழுவில் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஐம்பத்துநாலு வயதில் எனக்கு அரங்கேற்றம் ஆனது இப்படித்தான்.

ஆட்டம் நிற்கவில்லை. மகள் எழுந்து, கையிலிருந்த சாவியைத் தரையில் வைத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், இடது பக்கம் திரும்பும் தலை. விழுந்தாள். எழுந்தாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமாக. மற்ற நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஐந்து கட்டைவிரல்கள் ஒன்றாகத் துடித்தன. ஐந்து தலைகளும் ஒரே மாடியைப் பார்த்தன. ஐந்து பேரும் விழுந்து, ஐந்து பேரும் எழுந்தார்கள். அவர்கள் உள்ளங்கை தரையில் அறைந்த சத்தத்தில் ஒரு தாளம் கூடி வந்தது. எட்டுத் தடவை அவள் செய்தாள். நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

என் பயம் போயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், அதுதான் இல்லை. முன்னைவிட அதிகமானது. இதுவரை எது வந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்ற ஒரு தைரியமாவது இருந்தது. இப்போது அவள் அச்சு அசலாக அதையே செய்கிறாள். நடுவில் ஒரு தடவை நிஜமாகவே வந்துவிட்டால் நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? இன்னொரு தடவை எழுந்து ஓடவும் முடியாது. மனைவி என் சட்டையின் பின்பக்கத்தை முறுக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு தடவை மகள் விழும்போதும் கண்ணைத் தேடினேன். ஆள் இருக்கிறதா? இருக்கிறது. அடுத்த தடவை? இருக்கிறது. கடைசியில் ஐந்து பேரும் எழுந்து, வரிசையாக நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

நிகழ்ச்சிக்குப் பிறகு, பார்த்தவர்கள் ஏதாவது கேட்கலாம் என்றார்கள். கிடங்குக்காரம்மா முதலில் எழுந்தார்.

"நடுவுல சாவி கொண்டுவந்தாரே ஒருத்தர், அவரும் உங்க ஆளுதானாம்மா? ரொம்பத் தத்ரூபமா இருந்துச்சு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடேன் தாயே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அவர் எங்க அப்பா," என்றாள் மகள். "நடிக்கல. நிஜமாவே பயந்துட்டாரு. எனக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சு. இந்த ஆட்டமே அதப் பத்தித்தான்."

நான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

"என் வலிப்ப நான் பார்த்ததே இல்லை," என்று அவள் தொடர்ந்து சொன்னாள். "எல்லாரும் பார்த்திருக்காங்க, நான் மட்டும் பார்த்ததில்லை. முழிச்சதும் அப்பா மூஞ்சிதான் தெரியும். அதப் பார்த்துத்தான் ஏதோ பெருசா நடந்திருக்குன்னு நினைச்சுக்குவேன். எப்படி ஆரம்பிக்கும், எப்படி விழுவேன்னு எல்லாமே அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆறு மாசமா போன்ல கேட்டுக்கிட்டிருந்தா," என்றாள் தணிந்த குரலில். "சொன்னேன். முழங்கையா மொதல்ல, தோளா மொதல்லன்னு கேப்பா. அடுப்படியில நின்னு ஆடிப் பார்த்துட்டுச் சொல்லுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க ஒண்ணு அழுவீங்க. இல்லாட்டி எல்லாரையும் சிரிக்க வச்சு, அப்படியே பேச்ச மாத்திருவீங்க. பிள்ளைக்கு ரெண்டும் வேண்டாமாம்."

அக்காவை அதற்கு மேல் தவிர்க்க முடியவில்லை. எழுந்து நின்று சேலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஏலே, எனக்கு இது எப்பமோ தெரியும். வைட்டமின் மாத்திர வாங்க எவன்லே மாசாமாசம் மதுர வரைக்கும் போவான்?"

"பொறவு ஏன் கேக்கல?"

"சொல்லணும்னா நீ சொல்லிருப்ப. சொல்லல. கேட்டா ஒனக்கு வருத்தமா இருக்கும்னு நானும் உங்க அத்தானும் பேசாம இருந்துட்டோம்."

அத்தான் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அந்த நெட்டைத் தம்பியிடம் போய், விழும்போது முழங்கையைக் காப்பாற்றிக்கொள்ள பட்டாளத்தில் ஒரு முறை உண்டு என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது இன்னும் வெயில் இருந்தது. மகள் வாசலில் உட்கார்ந்து, சுற்றிவைத்த டேப்பையும் துணிகளையும் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் சிவந்திருந்தன. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வாங்கி வரவா, மருந்து போடவா, என்ன சாப்பிட்டாய், எங்கே தூங்கினாய் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

"அடுத்து எங்க?"

"நாளன்னைக்குத் திருநெல்வேலி. அப்புறம் நாகர்கோவில்."

"இதே ஆட்டமா?"

"இதே ஆட்டந்தான்."

கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஆடிக்கிட்டிருக்கையில நெசமாவே வந்துருச்சுன்னா?"

"அவங்க நாலு பேருக்கும் என்ன செய்யணும்னு சொல்லி வச்சிருக்கேன். ஒருக்களிச்சுப் படுக்க வைப்பாங்க, நேரம் பார்ப்பாங்க."

"இருந்தாலும் நாங்களும் வாரோம். திருநெல்வேலி என்ன, ரெண்டு மணி நேரந்தான?"

பையின் வாரை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க. பயமா இருந்தா பயந்துக்கிட்டே உக்காந்திருங்க. எந்திரிச்சு வராதீங்க."